தேங்காய்க்கு நின்றேன், கத்திரிக்கோலுக்கு உழைத்தேன்

பேச்சு குறைவான ஆள் தேர்தலில் நிற்கக் கூடாது. பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஆள் நிற்கவே கூடாது. நான் பேச்சும் குறைவு, கம்பெனியும் வைத்திருந்தேன். நின்றேன்.

என் பெயர் நாச்சிமுத்து. ஆறாவது வரை படித்தேன். பட்டாளத்துக்குப் போனேன். ஹவில்தாராகத் திரும்பி வந்தேன். நான் எல்லையில் துப்பாக்கியோடு நின்றவன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நான் ஸ்டோரில் இருந்தேன். போர்வை, பூட்ஸ், பனியன் எடுத்துக் கொடுக்கிற வேலை. (யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

எண்பதுகளின் நடுவில் திருப்பூர் மண்ணரையில் ஒரு கொட்டகை பிடித்து கம்பெனி ஆரம்பித்தேன். முன்னால் கட்டிங் மேஜை, நடுவில் தையல் மெஷின்கள், பின்னால் தகரக் கூரைக்குக் கீழே பிரிண்டிங். கணக்கு வழக்கு, ஆள் சேர்ப்பது, சம்பளம் எல்லாம் என் மனைவி ருக்மணி பார்த்தாள். கம்பெனிச் சாவி மட்டும் என் இடுப்பில் இருந்தது. பட்டாளத்தில் ஸ்டோர் சாவி ஒருத்தரிடம்தான் இருக்கும். அப்படிப் பழகிவிட்டது.

சாவி என்றால் வெறும் பூட்டுச் சாவி இல்லை. எந்த ஆர்டரை எடுப்பது, எதை விடுவது என்பதும் அதில் சேர்த்தி. குழந்தைகள் துணி எடுக்கலாம் என்று ருக்மணி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரு ரயில் கேட்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். ஷிஃப்ட் நேரத்துக்குச் சரியாக மூடுவார்கள். கூட்ஸ் வண்டி வரும், போகும், இன்னொன்று வரும். ஆட்கள் கட்டைக்குக் கீழே குனிந்து ஓடிவருவார்கள். ஒரு நாள், தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங்கில் இருக்கிற செல்வி அப்படி ஓடி வந்து தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தாள். வண்டி தூரத்தில் இருந்தது. கை மட்டும் முறிந்தது. கட்டு போட்ட கையோடு மறுவாரம் வேலைக்கு வந்து நின்றாள்.

நான் போய் மனு கொடுத்தேன். ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸைச் சொன்னார்கள். அங்கே இருந்தவர், "இதெல்லாம் டெல்லி முடிவு பண்றதுங்க" என்றார்.

சரி, டெல்லிக்குப் போவது என்று முடிவு செய்தேன். டெல்லிக்குப் போக எனக்குத் தெரிந்த வழி பார்லிமென்ட் தேர்தல்தான். அந்த வருஷம் தேர்தல் வந்தது. சுயேச்சையாக மனு போடப்போகிறேன் என்று டீ இடைவேளையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

ருக்மணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, ஊட்டுலயே பேச மாட்டீங்க. அங்க போயி என்னுங்க பேசுவீங்க?"

"கேட்டைப் பத்திப் பேசுவேன்."

"அதுக்கு முன்னால ஓட்டு வாங்கோணுமுங்களே. உங்களை எத்தனை பேருக்குத் தெரியும்?"

"தெரியும்."

"கட்டிங் மாஸ்டருக்கும் டீக்கடைக்காரருக்கும் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் வாயை விட்டேன். வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"கட்சிக்காரனை ஜெயிக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனா சுயேச்சையா நிக்கறவங்கள்ல எனக்கு மேல ஒருத்தன் ஓட்டு வாங்கட்டும். கம்பெனிச் சாவியை உங்கிட்டக் குடுத்தர்றேன். அதுக்கப்பறம் நீ சொல்றதுதான்."

ருக்மணி எழுந்து நின்றாள். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

கேட்டுக்கொண்டார்கள்.

சின்னம் கேட்க வேண்டும். கத்திரிக்கோல் கேட்டேன். பனியன்காரனுக்கு வேறு என்ன? மனு போட்ட அன்றைக்கே பனியன் அடிக்கச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் வழக்கம் அது. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வாயால் சரி என்றால் போதும். ஆர்டர் பேப்பர் வருவதற்கு முன்னால் துணி மேஜையில் இருக்கும். பேப்பருக்குக் காத்திருந்தால் கப்பல் போய்விடும். பட்டாளத்திலும் எனக்கு அதேதான் பழக்கம். இன்னது வேண்டும் என்று எழுதி அனுப்பினால் அது வரும். கத்திரிக்கோல் என்று எழுதியிருக்கிறேன். கத்திரிக்கோல் வரும்.

"இன்னும் சின்னம் குடுக்கலீங்களே" என்றாள் ருக்மணி.

"குடுப்பாங்க."

பனியனுக்குப் புதிதாகத் துணி வாங்கவில்லை. வெளிநாட்டுக்காரன் அளவு தப்பு என்று வேண்டாமென்று விட்ட வெள்ளைப் பனியன்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ரொம்பப் பெரிய ஆட்களுக்கு வெட்டியது. எங்கள் ஆட்கள் போட்டால் முழங்கால் வரை வரும். பரவாயில்லை, சின்னம் பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன்.

கட்டிங் மாஸ்டர் அந்தோணி ராமநாதபுரம் பக்கத்து ஆள். அவர் ஒன்று கேட்டார். அன்றைக்கு அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

"மொதலாளி, பேரு போட வேணாமா? நாச்சிமுத்துன்னு கொட்டை எழுத்துல?"

"வேண்டாம். கத்திரிக்கோல் போதும்."

"ஒரு வார்த்தையாச்சும்?"

"ஓட்டுப் போடுங்கள்னு போடுங்க."

அவ்வளவுதான். நெஞ்சில் பெரிய கத்திரிக்கோல். அதற்குக் கீழே 'ஓட்டுப் போடுங்கள்'. யாருக்கு என்று இல்லை. (சொல் சிக்கனம்.)

பிரிண்ட் மட்டும் முதல் தரம். ஏற்றுமதிக்கு அடிக்கிற சாயம். அடித்த பிறகு சரியாகச் சூடு காட்டினோம். சூடு காட்டாவிட்டால் சாயம் துணியில் பிடிக்காது, துவைத்தால் போய்விடும். அந்தக் கத்திரிக்கோலைக் கல்லில் அடித்துத் துவைத்தாலும் போகாது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

மனுப் போட்ட இரண்டாம் நாள் ஊர்வலம் போனபோது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். அவர்கள் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் கம்பெனி ஆட்கள் வந்து கேட்டார்கள். கொடுத்தேன். ஓட்டுக்காகப் பனியன் கொடுப்பது தப்பு. நான் என்னோடு நடந்து வருவதற்குத்தான் கொடுத்தேன். எப்படியோ, வாரக் கடைசியில் கட்டெல்லாம் காலி. மண்ணரையில் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு கத்திரிக்கோல் நடந்து வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சின்னம் ஒதுக்குகிற நாள் வந்தது. அந்தப் பனியனையே போட்டுக்கொண்டு போனேன்.

அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு ஒல்லியான மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கழற்ற மறந்து வந்துவிட்டார் போல. காங்கேயத்தில் தையல் கடை. பெயர் பொன்னுசாமி. எந்தத் தேர்தல் வந்தாலும் நிற்பாராம்.

"எதுக்குங்க நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க. ஊட்டுல ஒரு மரியாதை இருக்கும். நீங்க என்ன சின்னமுங்க கேட்டிருக்கறீங்க?"

கேட்டுவிட்டு என் நெஞ்சைப் பார்த்தார். பதில் தேவைப்படவில்லை.

"அடடா. நானும் அதேதானுங்க கேட்டிருக்கறேன். டெய்லருங்களா, அதனால."

ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதிகாரி சீட்டைப் பிரித்தார்.

"பொன்னுசாமி. கத்திரிக்கோல்."

நான் எழுதிக் கொடுத்திருந்த மற்றச் சின்னங்களும் போய்விட்டன. மிச்சம் இருந்ததில் எனக்குக் கிடைத்தது தேங்காய்.

காங்கேயத்தில் எங்கே பார்த்தாலும் தேங்காய் உடைத்துக் காயப்போட்டிருப்பார்கள். அந்த ஊர்க்காரருக்குக் கத்திரிக்கோல். திருப்பூர்ப் பனியன்காரனுக்குத் தேங்காய். கையெழுத்துப் போட்டேன். அறையிலிருந்து என் எதிர் வேட்பாளரின் சின்னத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பொன்னுசாமி பின்னாலேயே வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. பனியன் நல்லா வந்திருக்குதுங்க. பிரிண்ட்டு எங்கீங்க போட்டீங்க?"

வீட்டுக்கு வந்தேன். ருக்மணி வாசலில் நின்றிருந்தாள்.

"கெடச்சுதுங்களா?"

"தேங்காய்."

அவள் என் பனியனைப் பார்த்தாள். தெருவில் போகிற பனியன்களைப் பார்த்தாள். "சாப்பிட வாங்க" என்றாள். அதற்கு அவள் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை பனியன்களைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். முதல் ஆள் பக்கத்துக் கம்பெனியில் அயர்ன் போடுகிறவர்.

"அண்ணா, அந்தப் பனியனைக் குடுங்க."

"எதுக்குங்க?"

"சின்னம் மாறிப் போச்சு."

"சின்னம் மாறுனா என்னுங்க, பனியன் நல்லாத்தானே இருக்குது?"

அடுத்த வீட்டில் அம்மா ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறாரு பாரு. இவுரு ஜெயிச்சா ரேசன் கார்டைத் திருப்பிக் கேப்பாராட்ட இருக்குது." நான் திரும்பி நடந்தேன். அந்தப் பேச்சு எனக்கு முன்னால் நடந்தது. அடுத்த சந்துக்குப் போனபோது எல்லாத் துணிக்கொடியிலிருந்தும் பனியனை எடுத்து உள்ளே வைத்திருந்தார்கள்.

அந்தோணி ஒரு யோசனை சொன்னார். "மொதலாளி, வாங்க வேணாம். பனியனைக் கொண்டாரச் சொல்லுவோம். கத்திரிக்கோல் மேலயே தேங்காயை அடிச்சுக் குடுத்துருவோம். மறைஞ்சு போகும்."

நல்ல யோசனையாகத் தெரிந்தது. கொண்டுவந்தவர்களுக்கு அடித்தோம். கத்திரிக்கோலின் இரண்டு வளையமும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. முனை கீழே நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பழுப்பாக ஒரு உருண்டை.

செல்வி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏனுங்க, இது நண்டுங்களா?"

"தேங்காய்."

"கண்ணெல்லாம் மேல இருக்குதுங்களே."

அன்றைக்கு அவசரம். வரிசையில் ஆட்கள் வெறும் உடம்போடு நின்றார்கள். அடித்த ஈரத்தோடு கையில் கொடுத்துவிட்டோம். சூடு காட்டவில்லை. முதல் துவையலிலேயே தேங்காய் தண்ணீரோடு போய்விட்டது. கத்திரிக்கோல் மட்டும் நின்றது. முன்னைவிடப் பளிச்சென்று இருந்ததாகச் சொன்னார்கள்.

பொதுக்கூட்டம் ஒன்று போட்டால் எல்லோருக்கும் விளங்கிவிடும் என்றார்கள். போட்டேன். மேடை, மைக் செட், ட்யூப் லைட். கூட்டம் நன்றாகவே வந்தது. பட்டாளத்துக்காரர் சண்டைக் கதை சொல்லுவார் என்று வந்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

"என் பெயர் நாச்சிமுத்து. ஹவில்தார். ரயில் கேட்டுக்குப் பாலம் வேண்டும். என் சின்னம் தேங்காய். வணக்கம்."

உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் காத்திருந்தது. மைக்செட்காரர் மேடைக்கு வந்து காதில் கேட்டார். "அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"அண்ணா, மைக்குக்கு ராத்திரி வரைக்கும் வாடகை பேசியிருக்குதுங்க."

அந்தோணி எழுந்து மைக்கை வாங்கினார். நன்றாகத்தான் பேசினார். அவர் ஊர்ப் பேச்சில், "எங்க மொதலாளி பட்டாளத்துல இருந்தாக, பனியில நின்னாக, குண்டுக்கு நெஞ்சைக் காட்டுனாக" என்று அடுக்கினார். (நான் போர்வை கொடுத்துக்கொண்டிருந்தேன்.) எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில், "மறந்துடாதீய, தேங்காய்!" என்று நெஞ்சில் ஓங்கித் தட்டினார். தட்டிய இடத்தில் கத்திரிக்கோல் இருந்தது. அவர் பனியனையும் அவர் மனைவி துவைத்திருந்தாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "சாமி, தேங்காய்க்குப் போடோணுமா, கத்திரிக்கோலுக்குப் போடோணுமா? ஒண்ணு சொல்லுங்க, போட்டர்றோம்."

"தேங்காய்" என்றேன்.

"அப்ப கத்திரிக்கோல் யாரு?"

"காங்கேயத்துக்காரர்."

"அவுருக்கு எதுக்குங்க நீங்க பனியன் அடிச்சீங்க?"

அதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் வணக்கம் சொன்னேன்.

பொன்னுசாமி பிரச்சாரத்துக்கே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். கல்யாண சீசன். ரவிக்கை தைக்க ஆட்கள் போதவில்லையாம். அவர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அவருடைய கத்திரிக்கோல் திருமுருகன்பூண்டியில் கல் செதுக்கியது, பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கியது, அவிநாசி ரோட்டில் சைக்கிள் மிதித்தது. ஒரு சோளக்காட்டில் குருவி விரட்டுகிற பொம்மைக்குக்கூடப் போட்டிருந்தார்கள். நான் ஜீப்பில் போகும்போது என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது.

தேர்தல் அன்று காலையிலேயே போனேன். ஓட்டுப் போட்டேன். திரும்பி வந்தேன்.

எண்ணுகிற நாளில் நானே போய் உட்கார்ந்தேன். கட்சிக்காரர்கள் ஜெயித்ததையும் தோற்றதையும் பற்றி எனக்குக் கவலை இல்லை. சுயேச்சைகளின் ஓட்டுகளை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் கத்திரிக்கோல் மேலே போயிற்று. தேங்காய் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த அறையில் இருந்த ஒரு குமாஸ்தா இன்னொருவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "யாருங்க இந்தப் பொன்னுசாமி? மண்ணரையில இத்தனை செல்வாக்கா?"

கடைசியில் சுயேச்சைகளில் முதலாவது பொன்னுசாமி. நான் எங்கே வந்தேன் என்று கேட்காதீர்கள். டெபாசிட் போனது. அது கட்சிக்காரர்களில் சிலருக்கும் போனது.

கம்பெனிக்குத் திரும்பி வந்தேன். ரேடியோவில் கேட்டார்களோ, யார் வந்து சொன்னார்களோ, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மெஷின்கள் நின்றன. நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ருக்மணியிடம் நீட்டினேன்.

அவள் உடனே வாங்கவில்லை.

"வேண்டாமுங்க. ஏதோ பேச்சுக்குச் சொன்னது."

"சொன்னது சொன்னதுதான்."

"நெசமாத்தானுங்களா?"

"ம்."

வாங்கிக்கொண்டாள். சேலையில் முடிந்தாள். பிறகு கை தட்டி, "என்ன பாத்துட்டு இருக்கறீங்க, மெசினை ஓட்டுங்க" என்றாள். ஓட்டினார்கள். நான் சொல்லும்போது அத்தனை சீக்கிரம் ஓட்டியதில்லை. நான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கட்டிங் மேஜை ஓரமாக நின்றேன். அந்தோணி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அந்த வாரமே பொன்னுசாமி வந்தார். கையில் ஒரு பொட்டலம். எனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தபோதே கண்ணால் அளவு எடுத்துவிட்டாராம். கச்சிதமாக இருந்தது.

"அண்ணா, என்ற சம்சாரம் இப்பெல்லாம் என்னைப் போங்க வாங்கங்கறாளுங்க. எல்லாம் உங்களாலதானுங்க. அடுத்த எலெக்சனுக்கும் நீங்கதான் பனியன் அடிச்சுக் குடுக்கோணும்."

நான் சட்டையை மடித்தேன். ருக்மணி உள்ளே இருந்து வந்தாள்.

"குடுக்கறோமுங்க. ஆனா சின்னம் கைக்கு வந்தப்பறம் வாங்க. அதுக்கு முன்னால இந்தக் கம்பெனியில அடிக்கறதில்லீங்க."

அடுத்த தேர்தலுக்கு அவர் வந்தார். அவர் சொல்லிக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். குழந்தைகள் துணியும் எடுத்தாள். நன்றாகப் போனது. கேட் விஷயமும் அவளே பார்த்தாள். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளிடம் பேசி ஷிஃப்ட்டை அரைமணி நேரம் தள்ளி வைத்தாள். ஆட்கள் குனிந்து ஓடுவது நின்றது. டெல்லிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

சாவி கொடுத்த அன்று சாப்பிடும்போது ருக்மணி என்னை ஒன்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. ஆறுதலாகத்தான் கேட்டாள்.

"உடுங்க. ஊருக்குத்தான் கொழப்பம். நானும் நீங்களும் தேங்காய்க்குப் போட்டமல்ல?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

தேர்தல் அன்று ஓட்டுச்சீட்டு துண்டு போல நீளமாக இருந்தது. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். வாரக்கணக்கில் பார்த்துப் பழகிய படம் கண்ணில் பட்டது. கை தானாகப் போய் முத்திரையைக் குத்திவிட்டது. குத்திய பிறகுதான் தேங்காயைத் தாண்டி வந்துவிட்டதைப் பார்த்தேன். மடித்தேன். போட்டேன். வெளியே வந்தேன்.

"ஏனுங்க?" என்றாள் ருக்மணி.

பேசாமல் இருந்தேன். என் பேசாமையை அவள் இத்தனை வருஷமாகப் படித்தவள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரியும். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்தாள். அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன ஆயிற்று என்று மகள் ஓடிவந்தாள். அவளிடம் சொன்னாள். மகள் பின்னால் கல்யாணமாகிப் போன வீட்டில் சொன்னாள். மருமகன் அவர் தம்பிகளுக்குச் சொன்னார்.

இப்போது ஓட்டுப் போட மெஷின் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் போவோம். பள்ளிக்கூட வாசலில் வரிசை இருக்கும். முன்னால் பின்னால் தெரிந்தவர்கள் இருப்பார்கள். என் முறை வந்ததும் மருமகன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார்.

"மாமா, பாத்து அமுக்குங்க. பொன்னுசாமி இந்தத் தடவை நிக்கலீங்க."